பழைய வேகக் கார்கள்: விலை ஏறுமா, எதை வாங்கலாம்? புதுச்சேரி, கடலூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் 2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக் ஒன்றை 2014-லிருந்து வைத்திருக்கிறேன். பெட்ரோல் பங்கில் நின்றால் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, "அண்ணே, குடுக்கற ஐடியா இருக்கா?" என்று கேட்காமல் போவதில்லை. அடுத்த கேள்வி பெரும்பாலும், "இப்ப இதெல்லாம் ரேட்டு ஏறுதாமே?" அப்படிக் கேட்டவர்களுக்கு நான் சொல்லிவரும் பதில்களைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

பழைய கார் என்றால் விலை குறையத்தானே வேண்டும்? எப்படி ஏறுகிறது?

எல்லாக் காரும் முதலில் இறங்கத்தான் செய்யும். நம் நாட்டில் அந்த இறக்கத்துக்கு ஒரு தரைமட்டம் உண்டு: பதினைந்தாம் வருடம். சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. (பதிவுச் சான்று) பதினைந்து வருடத்துக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டி, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்து பலர் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பாதி வண்டி காயலான் கடைக்குப் போகும். சென்னைப் புதுப்பேட்டையில் கதவு தனியாக, இன்ஜின் தனியாகத் தொங்கும். மிஞ்சியது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் நல்ல நிலையில் இருப்பது இன்னும் கொஞ்சம். அந்த வண்டிகளுக்குத்தான் விலை ஏறுகிறது.

கேட்கிற ஆள் யார் என்பதும் முக்கியம். 2000-ல் பத்தாவது படித்த பையன், டியூஷன் விட்டு வரும்போது யாரோ ஒரு டாக்டரின் சிட்டி காந்தி சிலையருகே திரும்புவதை நின்று பார்த்தவன், இன்று நாற்பதைத் தாண்டிவிட்டான். கையில் காசு இருக்கிறது, வீட்டில் ஒரு ஆட்டோமேட்டிக் கார் இருக்கிறது, மனசில் அந்தப் பழைய கார் இருக்கிறது. உலகம் முழுக்க இந்தக் கணக்குத்தான். பி.எம்.டபிள்யூ.வின் முதல் எம்3, நிசான் ஸ்கைலைன் ஆர்34 ஜி.டி.-ஆர். போன்றவற்றைச் சுவரில் போஸ்டராக ஒட்டிய தலைமுறை சம்பாதிக்கத் தொடங்கியதும் அவற்றின் விலை கிளம்பியது. அமெரிக்காவில் 25 வருடம் ஆன காரை அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகள் பார்க்காமல் இறக்குமதி செய்யலாம். அதனால் 1999-ல் வந்த ஆர்34 அந்த வயதை நெருங்க நெருங்கவே அங்கே போட்டி கூடியது.

அந்த மாதிரி ஜப்பான் காரை நாம் இறக்குமதி செய்ய முடியாதா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய கார் என்றால் மூன்று வருடத்துக்குள் இருக்க வேண்டும், வலப்பக்க ஸ்டியரிங் இருக்க வேண்டும், அதன்மேல் சுங்கவரி தலைக்கு மேலே போகும். நமக்கு வாய்த்தது இங்கே ஷோரூமில் விற்ற கார்கள்தான். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, நல்லவை நிறைய வந்தன.

எந்தெந்தக் கார்களை ஆட்கள் தேடுகிறார்கள்? எது உசத்தி?

என் காரை முதலில் சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். சிட்டி 1998-ல் வந்தது. 2000 முதல் 2003 வரை வந்த 1.5 விடெக் 106 குதிரைசக்தி. ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள காருக்கு அது தாராளம். விடெக் என்றால் இதுதான்: இன்ஜின் வேகம் கூடும்போது ஆயில் அழுத்தத்தில் ஒரு சின்ன பின் நகர்ந்து, வால்வுகளைத் திறக்கும் ராக்கர் ஆர்ம்களை ஒன்றாகப் பூட்டும். வால்வுகள் அதிக உயரம், அதிக நேரம் திறக்கும். உட்கார்ந்திருப்பவருக்கு அது ஒரு சத்தமாகத் தெரியும். ஈ.சி.ஆரில் காலாப்பட்டு தாண்டி, சாலை காலியாக இருக்கும் விடியற்காலையில் மூன்றாவது கியரை விடாமல் பிடித்தால், அதுவரை முணுமுணுத்த இன்ஜின் தொண்டையைத் திறந்து பாடும். விலை ஏறியதற்கு இன்னொரு காரணம் ஹோண்டாவே செய்தது. 2003 கடைசியில் வந்த அடுத்த சிட்டியில் மைலேஜுக்காக வைத்த இன்ஜின் 77 குதிரைசக்திதான். புதுசு பழசைவிட மெதுவாக ஆனால் பழசுக்கு மவுசு கூடாமல் என்ன செய்யும்?

ஃபோர்டு ஐகான் 1.6 நம்ம ஊர்க் கார். 1999-லிருந்து மறைமலை நகரில் செய்தது, 92 குதிரைசக்தி. கீழ் வேகத்திலேயே இழுவை அபாரம். ஓட்டுவதற்குச் சிட்டியைவிட ஐகான்தான் சுகம் என்று வாதாடுபவர்கள் உண்டு; வளைவுகளில் நானும் ஒத்துக்கொள்வேன். விலையில் மட்டும் இன்னும் சிட்டியைத் தொடவில்லை. வாங்கினால் இதுதான் தருணம் என்பது என் எண்ணம். சுத்தமான ஐகான் கண்ணில் படுவதே அருகிவிட்டது.

ஃபியட் பாலியோ 1.6, 2001-ல் வந்தது, 100 குதிரைசக்தி. தகடு கனம், கதவு மூடினால் பீரோ மூடும் சத்தம், ஸ்டியரிங் கைக்குப் பேசும். பெட்ரோல் குடிக்கும் என்று அப்போது யாரும் வாங்கவில்லை. அதனாலேயே இப்போது கிடைப்பதில்லை. மிட்சுபிஷி லான்சரும் நம் பக்கத்துக் கார்தான். திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1998 முதல் தயாரானது. பெட்ரோல் 1.5 வெறும் 87 குதிரைசக்தி, எண்ணில் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் டாமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை உலக ராலி பட்டம் வென்றது லான்சர் எவல்யூஷனில். அந்தப் பெயரின் ஒளி இந்தச் சாது லான்சர் மேலும் விழுகிறது. பிறகு வந்த 2.0 சீடியா 115 குதிரைசக்தி. நம் ராலிகளில் நன்றாக உழைத்த வண்டி அது.

டர்போ பக்கம் போனால், 2004-ல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்.: 1.8 டர்போ, 150 குதிரைசக்தி. சிலிண்டருக்கு ஐந்து வால்வு என்று இருபது வால்வுள்ள அந்த இன்ஜின் குடும்பம்தான் ஆடி டி.டி.யிலும் ஓடியது. வாங்கும் விலை ஆசை காட்டும், பராமரிக்கும் விலை அழவைக்கும். 2011-ன் ஸ்கோடா லாரா ஆர்.எஸ். 160 குதிரைசக்தி. 2015-ன் ஃபியட் அபார்த் புன்டோ 145 குதிரைசக்தி, ஷோரூம் விலையே ரூ.9.95 லட்சம்தான்; அந்தக் காசுக்கு அவ்வளவு வேகம் அப்போது வேறெதிலும் இல்லை. 2016-ல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி.ஐ. 99 வண்டி மட்டும் இறக்குமதி ஆனது, 192 குதிரைசக்தி, மூன்று கதவு. எண்ணிக்கை அவ்வளவு குறைவு என்பதால் அது விலை விழாது என்று தைரியமாகச் சொல்வேன்.

பதினைந்து வருடக் கணக்கை இவற்றின் மேல் வைத்துப் பாருங்கள். விடெக் மலிவாகக் கிடைத்தது 2015 முதல் 2018 வரை. அந்தக் கதவு மூடிவிட்டது. 2007-ல் வந்த ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ் 2022-ல் தரைதட்டத் தொடங்கியது. லாரா ஆர்.எஸ். 2026-ல் அந்த இடத்துக்கு வருகிறது. அபார்த் 2030-ல்.

முதலீடாக வாங்கலாமா? லாபம் கிடைக்குமா?

என் கணக்கையே விரித்துக் காட்டுகிறேன். 2014-ல் வாங்கிய விலை ரூ.1,35,000. மறு வருடம் டிங்கரிங், பெயின்ட் ரூ.90,000. பிறகு சஸ்பென்ஷன், ஏ.சி., டயர், டைமிங் பெல்ட் என்று பல வருடங்களில் ரூ.1,30,000. பெட்ரோல், இன்சூரன்ஸ் இதில் இல்லை. மொத்தம் ரூ.3,55,000. 2025-ல் திருவண்ணாமலையிலிருந்து ஒருவர் வந்து ரூ.4,25,000 தருகிறேன் என்றார். கேட்பவர்கள் இந்தக் கடைசி எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு "மூணு மடங்கு!" என்கிறார்கள். முதல் இரண்டு தொகையை மட்டும் 7 விழுக்காடு வட்டியில் பேங்கில் போட்டிருந்தாலே இந்நேரம் ரூ.4,60,000 ஆகியிருக்கும்.

அதனால் லாபத்துக்கு வாங்காதீர்கள். பதினொரு வருடம் மனசுக்குப் பிடித்த காரை ஓட்டிவிட்டு, போட்ட பணம் ஏறத்தாழ கையில் நிற்கிறது என்பதே பெரிய விஷயம். அதே 2014-ல் புதுக் கார் எடுத்த என் நண்பர் ஆறு லட்சம் இழந்திருக்கிறார்.

ஒரு சின்னத் தகவல்: சொந்த உபயோகக் காரை விற்றுக் கிடைக்கும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. நஷ்டம் வந்தால் அதைக் கழிக்கவும் முடியாது. வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்தால் அது வியாபார வருமானம்.

நம்ம ஊரில் பழைய கார் வாங்கும்போது எதை முதலில் பார்க்க வேண்டும்?

தகடு. இன்ஜினைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், நான் காரின் அடியில்தான் முதலில் படுப்பேன். இன்ஜின் வேறு கிடைக்கும், பிரித்துக் கட்டலாம். துருப்பிடித்த பாடியைத் திரும்பத் தகடாக்க முடியாது. வங்காள விரிகுடாவின் உப்புக் காற்று முத்தியால்பேட்டையிலோ கடலூர் முதுநகரிலோ தெருவில் நிற்கிற காரை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் கதவுக்குக் கீழே உள்ள நீளப் பகுதியைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு "டங்" என்று பதில் சொல்லும். பட்டி (ஓட்டையை மறைக்கப் பூசும் பசை) அடைத்த இடம் "தொப்" என்று அமுங்கும். துணி சுற்றிய காந்தம் ஒட்டாத இடமும் பட்டிதான். பிறகு டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிக் கீழே தண்ணீர் தேங்கிய தடம் பாருங்கள். பானெட்டைத் திறந்து, முன் ஷாக் அப்சார்பர் மேலே பிடிக்கும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள்; அங்கே துரு இருந்தால் பேரம் பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

நெய்வேலி டவுன்ஷிப் கார் கிடைத்தால் ஓடிப் போய்ப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கடல் தூரம், வீட்டுக்கு ஷெட் உண்டு, ஓட்டம் குறைவு. ஒரே ஓனர், இரண்டு சாவி, சர்வீஸ் புக் மூன்றும் சேர்ந்து நான் பார்த்த வண்டிகளில் பாதி அங்கே பார்த்ததுதான்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதில் நான் அடிபட்டவன். 2016-ல் ஒரு பாலியோ 1.6 கிடைத்ததென்று ஆசையில் ஒரு வியாபாரியிடம் முன்பணம் கொடுத்து எடுத்துவிட்டேன். வண்டி கடலூர் 2015 நவம்பர் வெள்ளத்தில் நின்றது என்று எனக்குச் சொல்லவில்லை. இரண்டு மாதம் நன்றாக ஓடியது. மூன்றாம் மாதம் கன்னியக்கோயில் அருகே ராத்திரி பத்து மணிக்கு நின்றது. மறுநாள் மெக்கானிக் பாய் இ.சி.எம். (இன்ஜினின் கம்ப்யூட்டர்) கனெக்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே செம்பெல்லாம் பச்சையாகப் பூத்திருந்தது. "தம்பி, இது தண்ணி குடிச்ச வண்டி. ஒயரிங் முழுக்க மாத்தினாலும் நான் கேரன்ட்டி தர மாட்டேன்" என்றார். உதிரிபாகமாகத்தான் விற்றேன்.

அன்றிலிருந்து, வண்டியில் ஏறியதும் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்ப்பேன். யாரும் அந்த அடிமுனையைக் கழுவுவதில்லை. அங்கே காவி நிறத்தில் குறுக்கே ஒரு கோடு இருந்தால், தண்ணீர் அதுவரை நின்றிருக்கிறது. சீட் ரெயில் அடியில் மண், மிதியடியைத் தூக்கினால் மக்கிய வாடை, ஹெட்லைட்டுக்குள் வண்டல், டேஷ்போர்டுக்கு அடியில் புதிதாகச் சுற்றிய கறுப்பு டேப், எதுவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் கார்கள் தண்ணீரில் நின்றன. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கமும் அதே கதை. அந்த வண்டிகளில் பல துடைத்துப் பாலிஷ் போட்டு விற்பனைக்கு வந்திருக்கும். 2024 டிசம்பர், 2025 ஜனவரியில் திடீரென்று பேர் மாறிய ஆர்.சி. என்றால் ஏன் விற்றார் என்று நேராகவே கேளுங்கள்.

பி.ஒய். (புதுச்சேரிப் பதிவு) நம்பர் கார் மலிவாக இருக்கிறது. கடலூரில் இருந்துகொண்டு ஓட்டலாமா?

எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டிப் போய் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவது வேறு, காரை வைத்துக்கொள்வது வேறு. வேறு மாநில, யூனியன் பிரதேசப் பதிவுள்ள வண்டியைத் தொடர்ந்து பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஒரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். படிவம் 28-ல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, கடலூரின் டி.என். 31 நம்பர் எடுக்க வேண்டும். பேர் மாற்றப் படிவம் 29, 30. லோன் இருந்த வண்டி என்றால் படிவம் 35-ம் பேங்க் கடிதமும் வேண்டும். லோன் எப்போதோ முடிந்திருக்கும், ஆனால் ஆர்.சி.யில் பேங்க் பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கும். பழைய கார்களில் இது சகஜம். புதுச்சேரியில் யாரோ தெரிந்தவர் விலாசத்தைக் கொடுத்துப் பதிவு செய்யலாம் என்று புரோக்கர் சொன்னால் கேட்காதீர்கள். பிறகு விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போது அந்த விலாசம்தான் உங்களை மாட்டிவிடும்.

டில்லி வண்டி எடுக்கலாமா?

டில்லியில் பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை என்று 2014, 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததிலிருந்து அங்கிருந்து நிறைய வண்டி தெற்கே வந்தது. உலர்ந்த ஊர் என்பதால் தகடு நன்றாக இருக்கும், அது நிஜமான லாபம். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டியரிங் தோலும் பிரேக் பெடல் ரப்பரும் தேய்ந்திருந்தால் அதுதான் உண்மையான மீட்டர். என்.ஓ.சி. ஒரிஜினல் கைக்கு வராமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

ஆர்.சி. புதுப்பிக்க எவ்வளவு ஆகும்?

2017-ல் நான் கட்டியது ரூ.600. 2022 ஏப்ரலிலிருந்து கார்களுக்கு ரூ.5,000. 2025-ல் இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு ரூ.10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. ஐம்பது வருடம் தாண்டி, பெரிதாக மாற்றாத கார் என்றால் 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு உண்டு: "வி.ஏ." என்ற எழுத்தோடு தனி நம்பர், கட்டணம் ரூ.20,000, பத்து வருடத்துக்கு. நாம் பேசும் கார்களுக்கு அதற்கு இன்னும் வெகுகாலம் இருக்கிறது.

பெரிய சைலென்சர், அலாய் வீல், டர்போ எல்லாம் போட்ட வண்டி கூடுதல் விலை சொல்கிறார்களே?

தரவேண்டாம். பழைய வேகக் காரில் காசு நிற்பது கம்பெனியில் வந்தபடி இருக்கும் வண்டிக்குத்தான். ஒரிஜினல் ஸ்டியரிங், ஒரிஜினல் வீல், கண்ணாடியில் கம்பெனி முத்திரை, பானெட் அடியில் பழைய ஸ்டிக்கர். இந்தச் சின்னச் சாமான்களைத் தேடித்தான் நான் புதுப்பேட்டையில் நாள் முழுக்க அலைந்திருக்கிறேன். ஒரு ஜோடி டெயில் லைட்டுக்கு மூன்று முறை போனேன். மேலும், தயாரிப்பாளரின் மூல அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. எஃப்.சி.யில் அது வந்து நிற்கும். முந்தைய ஓனர் கழற்றிய ஒரிஜினல் சாமான்களை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

20 விழுக்காடு எத்தனால் பெட்ரோல் பழைய இன்ஜினைக் கெடுக்குமா?

இன்ஜினுக்கு முன்னால் ரப்பர் கெடும். அந்தக் காலத்துப் பெட்ரோல் குழாய், ஓரிங், பம்ப் டயஃப்ரம் எல்லாம் இவ்வளவு எத்தனாலை நினைத்துச் செய்ததில்லை. இறுகி வெடிப்பு விடும் அல்லது ஊதிக் கசியும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். நம் கடற்கரைக் காற்றில் பாதி டேங்க் பெட்ரோலோடு இரண்டு மாதம் நிறுத்தினால் தண்ணீர் அடியில் பிரிந்து தங்கி டேங்க் துருப்பிடிக்கும். குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள், பெரிய செலவில்லை. பானெட்டுக்குள் பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்சூரன்ஸ்?

ஐந்து வருடம் தாண்டிய வண்டியின் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்வது. போட்டோ, பில் எல்லாம் அடுக்கிக் காட்டிப் பேசுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போதும் என்று தள்ளப் பார்ப்பார்கள், ஒத்துக்கொள்ள வேண்டாம்.

மழைக்காலத்தில் காரை எப்படி வைத்துக்கொள்வது?

பிளாஸ்டிக் கவர் வேண்டாம், உள்ளே வேர்க்கும். காற்று போகும் துணிக் கவர் போதும். ஐப்பசி தொடங்குவதற்கு முன் கதவுகளின் அடிவிளிம்பில் உள்ள சின்னத் துளைகளை ஒரு கம்பியால் குத்தி அடைப்பெடுங்கள். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். கடற்கரைச் சாலையில் ஓட்டி வந்த அன்றே நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு என்பதால் நான் குடிதண்ணீர் இரண்டு வாளி எடுத்து வைப்பேன். வாரம் ஒருமுறை பத்து கிலோமீட்டராவது ஓட்டுங்கள். நான் ஞாயிறு காலை அரியாங்குப்பம், தவளக்குப்பம் வழியாகக் கிருமாம்பாக்கம் வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் முந்தின நாளே மேட்டில் உள்ள மச்சான் வீட்டில் கொண்டுபோய் நிறுத்தி, பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு வந்துவிடுவேன்.